நகர விற்பனை வரி உயரும்போது கடைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சாஸின் சிறு ஊர்களில் கடை நடத்தும் நம்மவர்களுக்கு, நகரம் விற்பனை வரியை உயர்த்தப்போகிறது என்றதும் வரும் முதல் கவலை, வாடிக்கையாளர் பக்கத்து ஊருக்குப் போய்விடுவாரோ என்பதுதான். வரி உயர்வைவிட, அந்தப் பயத்தில் அவசரப்பட்டுச் செய்யும் காரியங்களே கடையை அதிகம் பாதிக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் பக்கத்து ஊரின் விகிதத்தைப் பாருங்கள். மாநில வரி 6.25 சதவீதம், நகரம், கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு), போக்குவரத்து அமைப்பு எல்லாம் சேர்ந்து அதன்மேல் 2 சதவீதம் வரைதான் விதிக்கலாம். ஆக உச்சவரம்பு 8.25. அந்த ஊர் ஏற்கெனவே உச்சத்தில் இருந்தால் அங்கே போய் யாருக்கும் லாபமில்லை. அரை சதவீத உயர்வு என்றால் 40 டாலர் பொருளுக்குக் கூடுவது 20 சென்ட். அதற்காகப் பெட்ரோல் செலவழித்து யாரும் போக மாட்டார்கள். சோபா, குளிர்சாதனப் பெட்டி விற்பவர் யோசிக்க வேண்டியதுதான். மளிகைக் கடைக்காரரோ பெரும்பாலும் கலங்கத் தேவையில்லை: அரிசி, பருப்பு, காய்கறிக்கு டெக்சாஸில் விற்பனை வரியே கிடையாது. குளிர்பானம், மிட்டாய், சூடாக விற்கும் சமோசா ஆகியவற்றுக்கு உண்டு.

மிகப் பெரிய தவறு, "வரி உயர்வை நானே ஏற்றுக்கொள்கிறேன்" என்று வரியோடு சேர்ந்த விலையை அப்படியே வைத்திருப்பது. வரியையும் சேர்த்து ஆண்டுக்கு 3,00,000 டாலர் வசூலாகும் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். வரி 7.25 ஆக இருந்தபோது கடைக்காரருக்கு நின்றது சுமார் 2,79,700 டாலர். 8.25 ஆனதும் நிற்பது சுமார் 2,77,100. இடையில் போன 2,600 டாலரும் முழுக்க லாபத்திலிருந்து போகிறது. வாடகையோ கொள்முதல் விலையோ அதற்காகக் குறையப்போவதில்லை. ரசீதில் வரியைத் தனியாகக் காட்டிவிடுங்கள். கூட்டியது நகரம்தான் என்பதை வாடிக்கையாளரே பார்த்துக்கொள்வார்.

அடுத்தது தேதி. வரி உயர்வுக்கு ஊர் மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புதல் தந்த மறுநாளே புது விகிதத்தில் வசூலிக்கத் தொடங்குகிறவர்கள் உண்டு. மாநிலத்தின் வரி வசூலைக் கவனிக்கும் கம்ப்ட்ரோலர் அலுவலகத்துக்குத் தகவல் போய், அதன்பின் ஒரு முழுக் காலாண்டு கடந்து, அடுத்த காலாண்டின் முதல் நாளில்தான் அது நடைமுறைக்கு வரும். மே மாதத்தில் வாக்களித்தால் வழக்கமாக அக்டோபர் 1. நவம்பரில் வாக்களித்தால் ஏப்ரல் 1. முன்கூட்டியே கூடுதலாக வாங்கிய பணத்தைக் கடைக்காரர் வைத்துக்கொள்ள முடியாது. மறந்து குறைவாக வாங்கினால் மீதியைக் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும்.

ஜிப் எண்ணை (அஞ்சல் குறியீட்டை) வைத்து விகிதம் பார்ப்பதும் ஆபத்து. அஞ்சல் முகவரியில் ஊர்ப் பெயர் இருந்தாலும் கடை நகர எல்லைக்கு வெளியே இருக்கலாம். கம்ப்ட்ரோலர் அலுவலக இணையதளத்தில் கதவு எண்ணோடு முழு முகவரியைக் கொடுத்துத் தேடுங்கள்.

வசூலான வரியைக் கல்லாப் பணத்தோடு கலந்து, நெருக்கடியில் சரக்கு வாங்கச் செலவழித்துவிடுவதைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனம் பதறுகிறது. அது அரசுக்காகக் கடைக்காரர் கையில் இருக்கும் பணம். ஒரு நாள் தாமதித்தாலும் 5 சதவீத அபராதம், 30 நாள் தாண்டினால் 10; தாமதமாகத் தாக்கல் செய்தால் தனியாக 50 டாலர். நிறுவனப் பெயரில் கடை இருந்தாலும், அந்தப் பணத்தைக் கட்டாமல் விட்டவரைத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்கச் சட்டத்தில் இடமுண்டு. தனி வங்கிக் கணக்கு ஒன்று போதும், இந்தச் சிக்கலே வராது. நேரத்துக்குக் கட்டினால் வரித்தொகையில் 0.5 சதவீதத்தை நீங்களே வைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு.

"ஆன்லைனில் வாங்கினால் வரி இல்லை, நமக்கு மட்டும்தான் சுமை" என்பதும் பழைய கதை. 2018-இல் வேஃபேர் என்ற இணைய விற்பனை நிறுவனத்தின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, பெரிய இணைய விற்பனையாளர்களும் வரி வசூலித்தே ஆக வேண்டும்.

விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பதால் வாக்களிக்க முடியாது என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் உயர்வை வாக்கெடுப்புக்கு விடுவது பற்றி நகர மன்றம் விவாதிக்கும் கூட்டத்தில் பேசக் குடியுரிமை தேவையில்லை. அந்தப் பணம் சாலைப் பராமரிப்புக்கா, தொழில் வளர்ச்சி நிறுவனத்துக்கா, சொத்து வரியைக் குறைக்கவா என்று அங்கேயே கேளுங்கள். சாலைக்கான வரி என்றால் குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் வாக்கெடுப்புக்கு வந்தாக வேண்டும். உங்கள் கடைத்தெருவுக்கு அதில் என்ன செய்தார்கள் என்று அப்போதும் போய்க் கேட்கலாம்.