குற்றச் செய்திகளும் மாணவர் பாதுகாப்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

படுக்கப் போகும் நேரத்தில் கைப்பேசியில் ஒரு வழிப்பறி வீடியோ வருகிறது. கடைசிவரை பார்த்துவிட்டால் போதும், அதே ரகத்தில் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். எங்கெங்கோ, என்றைக்கோ நடந்தவையெல்லாம் இன்று நம் தெருவில் நடந்தவைபோல மனதில் குவிந்துவிடும். முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது: அடிக்கடி பார்ப்பதை அடிக்கடி நடப்பதாக எடுத்துக்கொள்வது. சட்டென நினைவுக்கு வருவதையே அதிகம் நடப்பதாக மனம் கணக்கிடுகிறது என்று உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1973-லேயே விளக்கினார்கள். நூலக மேசையில் விட்டுப்போன லேப்டாப் காணாமல் போவது செய்தியாவதில்லை. வளாகங்களில் அடிக்கடி நடப்பதோ அந்த மாதிரித் திருட்டுதான். அத்தகைய வீடியோ வந்தால் 'ஆர்வமில்லை' என்று அழுத்துங்கள். செய்தியை எழுத்தில் படியுங்கள். எங்கே, எப்போது, எப்படி நடந்தது என்பதை மட்டும் தேடுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, இருட்டில் நிற்கும் அந்நியரை மட்டுமே ஆபத்தாக நினைப்பது. கொலையாகும் பெண்களில் 38 சதவீதம் வரை துணைவராலேயே கொல்லப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் மாணவர்களின் முன்னெச்சரிக்கை பெரும்பாலும் தெருவோடு நின்றுவிடுகிறது. இணையத்தில் பழகியவரை முதல்முறை சந்திப்பதானால், ஆள் நடமாட்டமுள்ள இடத்தை நீங்களே சொல்லுங்கள். போகவும் வரவும் அவர் வண்டியை நம்பியிருக்காதீர்கள்.

அந்தரங்கப் படத்தைக் காட்டி யாராவது மிரட்டினால், பதற்றத்தில் பலர் பணத்தை அனுப்பிவிடுகிறார்கள், அல்லது உரையாடலை அழித்துவிடுகிறார்கள். இரண்டுமே கூடாது. பணம் கொடுத்தால் பெரும்பாலும் மிரட்டல் நிற்பதில்லை, கேட்கும் தொகைதான் ஏறும். அழித்தால் ஆதாரம் போய்விடும். கணக்கின் பெயர், எண், செய்திகள், பணம் கேட்ட விவரம் எல்லாவற்றையும் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு பிளாக் செய்துவிட்டு, நம்பகமான பெரியவர் ஒருவரிடம் சொல்லி, போலீசில் புகார் கொடுங்கள். 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற இலவசத் தளம் உங்கள் படத்தை வாங்கிக்கொள்ளாமல், கைப்பேசியிலேயே அதற்கு ஒரு டிஜிட்டல் கைரேகையை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டும் குறியீட்டை, உருவாக்குகிறது. அதை வைத்து, இதில் இணைந்துள்ள சமூக ஊடக நிறுவனங்கள் படம் பரவாமல் தடுக்கின்றன. 18 வயதுக்குள் எடுத்த படமென்றால் 'டேக் இட் டவுன்' தளம் இருக்கிறது. மிரட்டப்படுபவர் வெட்கப்பட இதில் எதுவுமே இல்லை, குற்றம் மிரட்டுபவருடையது.

பெப்பர் ஸ்பிரே வாங்கிப் பையின் அடியில் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுவதும் தவறுதான். அதற்குக் காலாவதி தேதி உண்டு, எதிர்க்காற்றில் அடித்தால் உங்கள் கண்ணையே எரிக்கும், சில நாடுகளில் வைத்திருப்பதே குற்றம். விரலிடுக்கில் சாவியைப் பிடித்துக் குத்தினால் உங்கள் கைதான் கிழியும். இவற்றைவிடக் கைப்பேசியின் அவசர அழைப்பைத் தயார் செய்து வைப்பது நல்லது. பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனை வேகமாக 5 முறை அழுத்தினால் அது இயங்கும். உங்கள் போனில் எப்படி என்று இன்றே அமைப்புகளில் பாருங்கள். வாட்ஸ்அப் லைவ் லொகேஷனை 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்று அளவுகளில் பகிரலாம். பகிர்ந்தால் மட்டும் போதாது, பார்க்க ஒருவர் வேண்டும். "9.30-க்குள் வரலைன்னா கூப்பிடு, ரெண்டு தடவை எடுக்கலைன்னா வார்டன்கிட்ட சொல்லிடு" என்று தோழியிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

மாலை வகுப்பையும் நூலகத்தையும் கைவிடுவது முன்னெச்சரிக்கை ஆகாது. ஏற்பாடு செய்தபின் பயம் குறைய வேண்டும். கூடிக்கொண்டே போனால், தூக்கமும் கெட்டால், கல்லூரி மனநல ஆலோசகரைப் பாருங்கள். ஆண்கள் செய்யும் தவறு இதற்கு நேர் எதிர். பல நாடுகளில் தெருச் சண்டைக்கும் தாக்குதலுக்கும் அதிகம் இலக்காவது இளைஞர்கள்தான். ஆனாலும் "நமக்கென்ன" என்று இருந்துவிடுகிறார்கள்.

பரபரப்பில் ஃபார்வர்டு செய்வதும் பயத்தைப் பெருக்குகிறது. வாட்ஸ்அப் செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பலமுறை கைமாறி வந்திருக்கிறது. தேதியும் ஊரும் இல்லையென்றால் அனுப்பாதீர்கள். 'மாணவியைக் காணவில்லை' என்ற பதிவென்றால், போலீசின் அதிகாரபூர்வப் பக்கத்தில் அந்தத் தகவல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவர் கிடைத்துவிட்டதாகத் தெரிந்ததும், நீங்கள் பகிர்ந்ததை அழித்துவிடுங்கள். வீடு திரும்பிய பிறகும் அவர் முகம் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது.