நுண்ணோக்கிப் பெருங்குடல் அழற்சி: சிகிச்சையும் பின்னாளும்

கொலோனோஸ்கோப்பியில் (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் சோதனையில்) குடல் இயல்பாகவே தெரிந்து, திசுப் பரிசோதனையில் மட்டுமே, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் இந்தக் குடல் அழற்சி நோய் உறுதியானதும், முதலில் நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஐபுபுரூஃபன் போன்ற வலிநிவாரணிகளும், அமிலச் சுரப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளும், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகளும் இந்நோயைத் தூண்டக்கூடும் என்பதால், அவற்றை நீங்களாக நிறுத்தாமல், மாற்று உண்டா என்று கேளுங்கள். புகைப்பழக்கத்தைக் கைவிடுங்கள்.

லேசான வயிற்றுப்போக்கிற்கு லோபரமைடு போதுமானதாக இருக்கலாம். போதாதபோது, புடசோனைடு என்ற ஸ்டீராய்டு மருந்து பெரும்பாலும் நாளொன்றுக்கு 9 மி.கி. வீதம் 6 முதல் 8 வாரங்கள் தரப்படுகிறது. நிறுத்தியபின் நோய் திரும்புவது மிகச் சாதாரணம். அதை உங்கள் தவறாக எண்ணி வருந்த வேண்டாம். அப்போது இயன்றவரை குறைந்த அளவில் மருந்தைத் தொடர்வதுண்டு. நீண்டகாலம் தொடர்ந்தால் எலும்பு அடர்த்தியையும் கவனிக்கச் சொல்லுங்கள். பலரும் அஞ்சுவதுபோல, இந்நோய் பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுவதில்லை.