பிராட்மேனின் சாதனைக் கணக்கைப் படிக்கும் முறை

ஒரு பேட்ஸ்மேனின் டெஸ்ட் வாழ்க்கையை எண்களின் வழியே அறிய விரும்புகிறவர், முதலில் சராசரியைத் தம் கையாலேயே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் டொனால்ட் பிராட்மேனை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 52 டெஸ்ட்களில் 80 இன்னிங்ஸ் ஆடி 6996 ஓட்டங்கள் எடுத்தார். அவற்றுள் 10 முறை ஆட்டமிழக்கவில்லை. மொத்த இன்னிங்ஸால் வகுப்பது பலரும் செய்யும் பிழை. ஆட்டமிழந்த 70 முறைகளால் வகுத்தால்தான் 99.94 என்ற புகழ்பெற்ற எண் கிடைக்கும்.

அடுத்து, அந்தச் சராசரியைத் தொடர் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். 1930இல் இங்கிலாந்து மண்ணில் 5 டெஸ்ட்களில் 974 ஓட்டங்கள் குவித்தார். அவற்றுள் 309 ஓட்டங்கள் லீட்ஸில் ஒரே நாளில் வந்தவை. அவரை அடக்குவதற்காகவே இங்கிலாந்து அணி 1932-33 தொடரில் உடலைக் குறிவைத்து வீசும் 'பாடிலைன்' உத்தியைக் கையாண்டபோது, அவருடைய சராசரி 56.57ஆக இறங்கியது. இதைச் சரிவு என்று குறித்துக்கொள்ளாதீர்கள். பந்து விலாவை நோக்கி எழும்ப, லெக் பக்கம் பீல்டர்கள் நெருங்கி நிற்க, அந்நிலையில் எடுத்த ஓட்டங்களை நான் 1930இன் ஓட்டங்களுக்கும் மேலாக மதிக்கிறேன்.

சிக்ஸர்களையும் எண்ணுங்கள்: டெஸ்ட் வாழ்க்கை முழுவதிலும் ஆறே ஆறு. பந்தைத் தரையோடு அடித்து ஆடியவர் அவர்.

கடைசியாக, அவருடைய இறுதி டெஸ்டான 1948 ஓவல் டெஸ்டின் ஸ்கோர் அட்டைக்கு வாருங்கள். அங்கே நான்கு ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழந்திருந்தாலும்கூட, சராசரி சரியாக 100 ஆகியிருக்கும். அவர் சந்தித்த இரண்டாவது பந்திலேயே இங்கிலாந்தின் எரிக் ஹாலிஸ் வீசிய கூக்ளி (எதிர்பார்த்ததற்கு மாறான திசையில் சுழலும் பந்து) ஸ்டம்பைத் தகர்த்தது.