சிவப்புப் பேனாவை முதலில் மாணவர்களிடம் கொடுங்கள்

முதல் தடவை கருத்துரிமை பற்றி வகுப்பெடுத்தபோது நன்றாகச் சொதப்பினேன். கரும்பலகையில் வரையறை எழுதி, சட்டப் பிரிவு எண்களைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் கொட்டாவி விட ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் "எல்லோருக்கும் பேசும் உரிமை வேண்டுமா?" என்று கேட்டதற்கு மொத்த வகுப்பும் "வேண்டும் சார்" என்று கோரஸ் பாடியது. ஒரு நொடிகூட யோசிக்காமல் வந்த பதில் அது. அந்தக் கோரஸை உடைப்பதுதான் நம் வேலை.

அதனால் இப்போதெல்லாம் தணிக்கையிலிருந்து தொடங்குகிறேன். ஒரே பக்கத்தில் ஒரு கற்பனைச் செய்தித்தாள் தயார் செய்யுங்கள். அமைச்சரைக் கழுதையாக வரைந்த கேலிச்சித்திரம், பள்ளி நிதி எங்கே போனது என்று கேட்கும் ஒரு கட்டுரை, ஒரு மதச் சடங்கைக் கிண்டலடிக்கும் கவிதை, ஒரு மாணவியின் வீட்டு விவகாரத்தைப் பெயர் போட்டுச் சொல்லும் கிசுகிசு, "அந்தத் தெருக்காரர்களை இன்று ராத்திரியே அடித்து விரட்டுவோம், வாருங்கள்" என்று ஒரு வாசகர் கடிதம். எல்லாம் நீங்களே எழுதியதாக இருக்கட்டும், நிஜப் பெயர் எதுவும் வேண்டாம். நாலு பேருக்கு ஒரு பிரதி, ஒரு சிவப்புப் பேனா, பத்து நிமிடம். "நீங்கள்தான் தணிக்கை அதிகாரி, வேண்டாததை அடியுங்கள், அடித்ததற்குக் காரணத்தை ஓரத்தில் எழுதுங்கள்", அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

என் வகுப்பில் பெரும்பாலான குழுக்கள் முதலில் அடித்தது கழுதையை. காரணம்: "மரியாதை இல்லை." கிசுகிசுவை ஒரே ஒரு குழுதான் தொட்டது, மற்றவர்களுக்கு அது ஜாலியாக இருந்ததாம்! சரி, இங்கேதான் பாடம் தொடங்குகிறது. மரியாதைக் குறைவு என்பதே தடைக்குப் போதுமான காரணம் என்றால் அடுத்த வாரம் எதை அடிப்பீர்கள், அதை யார் முடிவு செய்வது, அந்தப் பெயர் உங்கள் தங்கையுடையதாக இருந்தால் கிசுகிசுவை விட்டிருப்பீர்களா என்று கேட்டுக்கொண்டே போங்கள். அவதூறு, அந்தரங்கம், வன்முறைத் தூண்டல் ஆகிய சொற்களை இந்தச் சண்டைக்கு நடுவில் அறிமுகப்படுத்தினால் மனதில் நிற்கும்.

அடுத்த வகுப்பில் நிஜ வழக்குகள். கதையை மட்டும் சொல்லிவிட்டுத் தீர்ப்புக்கு முன்னால் நிறுத்தி, கை தூக்கச் சொல்லுங்கள். 1965இல் அமெரிக்காவின் டெ மாயின் நகரில் மேரி பெத் டிங்கர் என்ற 13 வயதுப் பெண்ணும் வேறு சில மாணவர்களும் வியட்நாம் போரில் செத்தவர்களுக்காகக் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள், பள்ளி அவர்களை இடைநீக்கம் செய்தது. 1985இல் கேரளத்தில், தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்ற மூன்று பிள்ளைகள், தங்கள் மத நம்பிக்கை காரணமாக வாய் திறந்து பாடவில்லை என்பதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். இரண்டாவது வழக்கில் வகுப்பு சூடாகும், ஆகட்டும், நடுவில் புகுந்து சமாதானம் செய்யாதீர்கள். இரண்டிலும் மாணவர்கள்தான் ஜெயித்தார்கள், 1969இல் அங்கே, 1986இல் இங்கே. பேசாமல் இருப்பதும் பேச்சுரிமைக்குள் அடக்கம் என்பது பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி.

நீதிமன்றம் எப்போதும் மாணவர் பக்கம்தான் என்று அவர்கள் நிம்மதியாகும் நேரத்தில் ஹேசல்வுட் வழக்கை எடுத்துவிடுங்கள். பள்ளிச் செய்தித்தாளில் பதின்வயதுக் கர்ப்பம், பெற்றோர் விவாகரத்து பற்றிய கட்டுரைகள் இருந்த இரண்டு பக்கங்களைத் தலைமையாசிரியர் நீக்கினார். 1988இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளி செய்தது சரி என்றது. கறுப்புப் பட்டி மாணவரின் சொந்தப் பேச்சு, இதுவோ பள்ளியே பாடத்தின் பகுதியாக நடத்தும் பத்திரிகை, அதுதான் வித்தியாசமாம். எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை, ஆனால் வாக்கெடுப்பு முடியும் வரை அதைச் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீர்கள், சொன்னால் கைகள் உங்கள் பக்கம் சாயும்.

யாராவது ஒருத்தர் கட்டாயம் கேட்பார்: "வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து அட்மின் என்னைத் தூக்கிட்டான், இது கருத்துரிமை மீறலா சார்?" சிரித்துவிட்டுப் போகாதீர்கள், நல்ல கேள்வி. அரசு தடுப்பது வேறு, ஒரு நிறுவனம் தன் விதிப்படி பதிவை நீக்குவது வேறு, நண்பன் கோபித்துக்கொள்வது வேறு. அரசியலமைப்பு முதன்மையாகக் கட்டிப்போடுவது அரசைத்தான். கூடவே 2015இல் இந்திய உச்ச நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ஏன் ரத்து செய்தது என்பதையும் சொல்லுங்கள். "எரிச்சல்" ஊட்டும் பதிவுக்குக்கூட மூன்று வருடம் வரை சிறை என்றது அந்தப் பிரிவு. எரிச்சலை அளக்க எந்தத் தராசு?

பத்திரிகைச் சுதந்திரத்தைத் தனியாக எடுங்கள். நான் ஒரு துண்டு விளம்பரத்தோடு ஆரம்பிப்பேன். 1975 ஜூனில், நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட இரண்டொரு நாளில், பம்பாய் நாளிதழ் ஒன்றின் மரண அறிவிப்புப் பகுதியில் டி.இ.எம். ஓ'கிரஸி (D.E.M. O'Cracy) என்பவர் ஜூன் 26 அன்று காலமானதாக ஒரு ஆங்கில அறிவிப்பு வந்தது. அதைப் பலகையில் எழுதிவிட்டுச் சும்மா நில்லுங்கள். யாராவது உரக்கச் சேர்த்துப் படித்து "டெமாக்ரஸி!" என்று கத்தும்வரை காத்திருப்பது, சொல்லப்போனால், வருடத்தில் எனக்குப் பிடித்த ஐந்து நிமிடம். அதே நாட்களில் பத்திரிகைத் தணிக்கையை எதிர்த்து இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்க இடத்தை வெறுமையாக விட்டு அச்சடித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம், எழுத்தைத் தொடாமலே கழுத்தை நெரிக்கலாம் என்பதைக் காட்ட அச்சுக் காகிதக் கதை இருக்கிறது. பத்திரிகை 10 பக்கத்தைத் தாண்டக் கூடாது என்று அரசு காகிதக் கொள்கை வகுத்தது, 1972இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. இன்றைக்கு அந்தக் காகிதத்தின் இடத்தில் விளம்பரத்தை நிறுத்துவது, வழக்கு மேல் வழக்கு, இணைய முடக்கம் என்று பட்டியலை மாணவர்களே போடுவார்கள். 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம், 19ஆம் பிரிவு, தகவலைத் தேடவும் பெறவும் பரப்பவும் உரிமை என்கிறது. முதல் வினைச்சொல்லை அடிக்கோடிடுங்கள். பரப்புவதில் நம் பிள்ளைகள் கில்லாடிகள், தேடுவதில்தான் சுணக்கம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இவ்வளவும் முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ நம்ம கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததைச் சுவர்ப்பத்திரிகையில் எழுதலாமா சார்?" நான் "பார்க்கலாம்" என்றேன். வகுப்பே என்னைப் பார்த்தது, கையில் சிவப்புப் பேனா வேறு.

ஆகவே பாடம் தொடங்கும் முன்பே தலைமையாசிரியரிடம் பேசி, யார் முடிவெடுப்பது, எந்தக் காரணத்துக்காக மட்டும் நிறுத்தலாம், நிறுத்தினால் எழுத்தில் காரணம் தருவது, குறை சொல்லப்பட்டவருக்குப் பதில் சொல்ல இடம் தருவது ஆகிய நான்கையும் தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். நாங்கள் பிறகுதான் வாங்கினோம். அவளுடைய முதல் வரைவில் "எந்தக் கதவிலும் தாழ்ப்பாள் இல்லை" என்று இருந்தது. போய் எண்ணிவிட்டு வா என்றேன். 14 கதவில் 9இல் தாழ்ப்பாள் இல்லை. அந்த எண்ணிக்கையும், "அடுத்த மாதம் சரிசெய்யப்படும்" என்ற தலைமையாசிரியரின் பதிலும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. அடுத்த மாதம் நான் சொல்லாமலே மறுபடி போய் எண்ணியிருக்கிறாள். இன்னும் 6.