காப்பிரைட் ஆண்டை நம்பி ஏமாறாதீர்கள்: பழைய ஜாஸ் ஷீட் மியூசிக் சேகரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள், காபி டம்ளரைப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1890களிலிருந்து 1940கள் வரை அமெரிக்காவில் அச்சான ராக்டைம், புளூஸ், ஜாஸ், டின் பான் ஆலி (நியூயார்க்கின் வெகுஜனப் பாட்டுப் பதிப்புத் தொழில்) பாட்டுத் தாள்களைச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள், ஒருகாலத்தில் நாங்கள் பணத்தை விட்ட அதே இடங்களில் இன்று விடுகிறார்கள். அந்த இடங்களைப் பற்றி மட்டும் இங்கே.

காப்பிரைட் ஆண்டை அச்சான ஆண்டாக எண்ணுவது

நோட்டு (இசைக்குறிப்பு) தொடங்கும் முதல் பக்கத்தின் அடியில் ‘காப்பிரைட் 1914’ என்று ஒரு வரி இருக்கும். சில பதிப்பகங்கள் அதை ரோமன் எண்ணில் போட்டிருக்கும். அது பாட்டின் உரிமை பதிவான ஆண்டு. உங்கள் கையிலிருக்கும் காகிதம் எப்போது அச்சானது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நன்றாக விற்ற பாட்டைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அச்சடித்தார்கள். மேலட்டை மாறியது, விலாசம் மாறியது, அடியிலிருந்த வரி மட்டும் அப்படியே நின்றது.

விற்பவர் ‘1899 ஒரிஜினல்’ என்று எழுதுகிறார். வாங்குபவர் அடியில் பார்க்கிறார், 1899 என்றே இருக்கிறது, முதல் பதிப்பின் விலையைக் கொடுத்துவிடுகிறார். இது இன்றும் நடப்பதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்.

ராக்டைம் இசையமைப்பாளர் ஸ்காட் ஜாப்ளினின் ‘மேப்பிள் லீஃப் ராக்’கை எடுத்துக்கொள்ளுங்கள். 1899இல் மிசௌரி மாநிலம் செடாலியாவில் ஜான் ஸ்டார்க் அதை வெளியிட்டார். முதல் பதிப்பின் மேலட்டையில் இருப்பது மேப்பிள் இலை அல்ல, நடனமாடும் இரண்டு கறுப்பின ஜோடிகளின் படம். ஸ்டார்க் செயின்ட் லூயிஸ் நகருக்குக் குடிபெயர்ந்த பிறகு வந்த அச்சுகளில்தான் பெரிய இலை வருகிறது. அந்த இலை அட்டையைத் திறந்தாலும் உள்ளே 1899 என்றுதான் இருக்கும். இலைதானே பாட்டின் பெயர், அதுதான் முதல் அட்டையாக இருக்க வேண்டும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள்.

‘ஓவர் தேர்’ பாட்டிலும் இதே கதை. 1917இல் முதலில் வில்லியம் ஜெரோம் பதிப்பகத்தின் பெயரில் வந்தது. பிறகு இன்னொரு பதிப்பாளரான லியோ ஃபைஸ்ட் உரிமையை வாங்கி, பாடகி நோரா பேய்ஸின் படம், நார்மன் ராக்வெல் வரைந்த சிப்பாய்கள் என்று பல அட்டைகளில் விற்றார். எல்லாவற்றிலும் ஆண்டு 1917. ராக்வெல் அட்டைக்கு அந்தப் படத்துக்காகவே தனி மதிப்பு உண்டு. ஆனால் முதல் அச்சு என்று சொல்லி யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

அச்சான காலத்தைப் பிடிக்க எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பின்னட்டை. அதில் அதே பதிப்பகத்தின் மற்றப் பாட்டுகளுக்கு விளம்பரம் இருக்கும். அவற்றில் மிகப் புதிய பாட்டு எந்த ஆண்டு வந்தது என்று தேடுங்கள். உங்கள் தாள் அதற்கு முன்னால் அச்சாகியிருக்க முடியாது. இதைவிட உறுதியான சோதனை வேறில்லை.

அடுத்தது அளவு. முதல் உலகப் போருக்கு முன் வந்த தாள்கள் சுமார் பத்தரைக்குப் பதின்மூன்றரை அங்குலம். போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் 7க்கு 10 அங்குலச் சிறு பதிப்புகளும் வந்தன. 1920 வாக்கில் 9க்கு 12 என்பதே வழக்கமானது. 1912 பாட்டு 9க்கு 12இல் இருந்தால், பிற்கால அச்சாக இருக்கலாம், அல்லது பியானோ பெஞ்சுக்குள் அடங்கட்டும் என்று யாரோ கத்தரித்திருக்கலாம். கத்தரித்த தாளை அடையாளம் காண்பது சுலபம். அட்டையின் சட்டக்கோடு ஒருபக்கம் காணாமல் போயிருக்கும், பதிப்பகத்தின் பெயர் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருக்கும்.

பிறகு உகுலேலே (நான்கு தந்தியுள்ள சின்னக் கிட்டார் மாதிரி வாத்தியம்) கட்டம். பாடகர் வரிக்கு மேலே நான்கு கோடும் புள்ளிகளுமாகச் சின்னக் கட்டங்கள் இருந்தால் அது 1920களின் நடுப்பகுதியிலோ அதற்குப் பிறகோ வந்த அச்சு. 1914 பாட்டில் இந்தக் கட்டம் இருந்தால் வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை.

பதிப்பகத்தின் பெயரும் ஊரும் பேசும். 1914இல் வந்த ‘செயின்ட் லூயிஸ் புளூஸ்’ தாளில் பேஸ் அண்ட் ஹேண்டி, மெம்ஃபிஸ் என்றிருந்தால் அது பழையது. அவர்கள் 1918இல் நியூயார்க் போனார்கள். ஹேண்டி பிரதர்ஸ் என்றிருந்தால் இன்னும் பிந்தியது. ‘காப்பிரைட் ரினியூட்’ என்ற சொல்லைப் பார்த்தால் கணக்கே வேண்டாம். பழைய அமெரிக்கச் சட்டப்படி புதுப்பித்தல் 28ஆம் ஆண்டில்தான், ஆகவே அந்த அச்சு அதற்கும் பிந்தியது.

இதே தவறு, தாளை இணையத்தில் பகிரும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும். அமெரிக்காவில் அந்தக் காலப் பாட்டின் உரிமை, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு நின்று, கடைசி ஆண்டின் டிசம்பர் 31 அன்று முடியும். 1930இல் வெளியானதற்கு 2025 முடிய. சரி, பாட்டு 1914தானே என்று ஸ்கேன் செய்து ஏற்றிவிடுகிறார்கள். ஆனால் அவர்கள் கையிலிருப்பது 1948இல் புதிய பியானோ அமைப்போடு வந்த அச்சு. ‘இந்த அரேஞ்ச்மென்ட் காப்பிரைட் 1948’ என்று இரண்டாவது வரி பொடி எழுத்தில் இருக்கிறது. மூலப்பாட்டு பொதுச்சொத்து, அந்த அமைப்பு பொதுச்சொத்தாக இல்லாமல் போகலாம். காப்பிரைட் வரிகளைக் கடைசி எழுத்துவரை படியுங்கள்.

1931 முதல் 1963 வரை வெளியானவற்றில் புதுப்பிக்காமல் விட்டவை பொதுவுக்கு வந்துவிட்டன. அதை உறுதிசெய்ய அமெரிக்கக் காப்பிரைட் அலுவலகத்தின் அச்சுப் பட்டியலில் இசைக்கான பகுதியைப் பார்க்க வேண்டும். 1935 பாட்டுக்கு 1962, 1963 இரண்டையும் புரட்டுங்கள். கூடவே 1961ஐயும் பாருங்கள், ஏனென்றால் பல பாட்டுகளை முதலில் வெளியிடாத கைப்பிரதியாகப் பதிந்தார்கள், புதுப்பிக்கும் கணக்கு அந்தப் பதிவிலிருந்து ஓடும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் புதுப்பிப்புத் தேடல் புத்தகங்களுக்கு மட்டுமானது. அதில் பாட்டு அகப்படவில்லை என்பது எதற்கும் சான்றாகாது.

பிரிட்டிஷ் பாட்டு

புதுப்பிக்கவில்லை என்ற வாதம் பெரும்பாலும் செல்லாது. 1996இல் அமெரிக்காவில் வெளிநாட்டுப் படைப்புகளுக்கு உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ரெக்கார்டும் தாளும்

இரண்டுக்கும் தனித்தனிச் சட்டக் கணக்கு. தாளைப் பகிரலாம் என்பதால் இசைத்தட்டையும் சேர்த்து ஏற்றாதீர்கள்.

பக்கங்களை எண்ணாமல் வாங்குவது

பெரும்பாலான பாட்டுத் தாள் ஒரே ஒரு மடிப்புத் தாள், நான்கு பக்கம். பாட்டு நீளமானால் நடுவில் ஒற்றைத் தாள் ஒன்றைச் சும்மா செருகியிருப்பார்கள், ஆக ஆறு பக்கம். தைப்பும் கிடையாது, பசையும் கிடையாது. எங்கோ ஒரு வீடு மாற்றத்தில் அது விழுந்துவிடும். அட்டை பளபளவென்று இருக்கும், பாட்டு பாதியில் தாவும். விற்பவரிடம் பக்க எண்களின் படத்தைக் கேளுங்கள். 2க்கு அடுத்து 5 வந்தால் நடுத்தாள் இல்லை. திரும்ப வாசிக்கும் பகுதிக்கு முதல் எண்டிங் (முடிவு) இருந்து இரண்டாவது எண்டிங் இல்லாவிட்டாலும் அப்படித்தான்.

அட்டை இல்லாத மெல்லிய தாளைத் தூக்கியெறிவது

‘புரொஃபெஷனல் காப்பி’ என்று அச்சாகியிருக்கிறதா பாருங்கள். மேடைக் கலைஞர்களுக்கு இலவசமாகக் கொடுத்த பிரதி அது. படமே இல்லாமல் நியூஸ்பிரிண்டில் அடித்தார்கள். சில பாட்டுகளுக்கு அது மட்டுமே மிஞ்சியிருக்கும்.

செல்லோடேப்

ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கும், டேப் உதிர்ந்த பிறகும் கறை போகாது. கிழிசலுக்கு ஜப்பானிய டிஷ்யூ என்ற மெல்லிய காகிதமும் கோதுமை ஸ்டார்ச் பசையும் போதும். ஈரம் காட்டினால் திரும்பக் கழற்றலாம்.

லேமினேஷன்

கூடவே கூடாது.

பிவிசி உறையில் போடுவது

நெடியடிக்கும் மெத்து பிளாஸ்டிக் மையை உரித்துத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை, பின்னால் அமிலமற்ற அட்டை. சென்னை மாதிரி கடலோர ஊரில் உறையின் வாயை ஒட்டி மூடாதீர்கள், உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

ஸ்கேன்

ஏ4 ஸ்கேனரில் பழைய பெரிய தாள் அடங்காது. இரண்டு துண்டாக எடுத்து ஒட்டினால் ஸ்டாஃப் கோடுகள் (நோட்டு எழுதும் ஐந்து கோடுகள்) நடுவில் படிக்கட்டாக நிற்கும். ஏ3 ஃபிளாட்பெட் தேடுங்கள். தானாகத் தாள் இழுக்கும் ஃபீடரில் ஒருபோதும் போடாதீர்கள், மக்கிய ஓரம் உள்ளேயே நொறுங்கும். அட்டைக்கு 600 டிபிஐ வண்ணம், நோட்டுப் பக்கத்துக்கு 400 டிபிஐ கிரேஸ்கேல் போதும். மூலக்கோப்பு டிஃப், பகிர்வதற்குப் பிடிஎஃப். மறுபக்க எழுத்து தெரிந்தால் பின்னால் கறுப்புக் காகிதம் வையுங்கள்.

கோப்பு சிறிதாகட்டும் என்று சுத்தக் கறுப்பு வெள்ளையில் எடுக்கிறார்கள். நோட்டின் வலப்பக்கம் இருக்கும் பழுப்புப் பொட்டு அப்போது கன்னங்கரேல் புள்ளியாகிவிடும். வாசிப்பவர் அதை நோட்டின் புள்ளியாகவே படித்து ஒன்றரை மடங்கு நீட்டுவார். கிரேஸ்கேலில் பார்த்தால் அது கறை என்று கண்ணே சொல்லிவிடும்.

அட்டையையும் பின்னட்டையையும் விட்டுவிட்டுப் பகிர்வது

நோட்டு மட்டும் போதும் என்று நினைப்பவர்கள், மேலே சொன்ன சோதனைகளில் பாதியை அடுத்தவருக்கு இல்லாமல் செய்துவிடுகிறார்கள். அந்தக் கால அட்டைகளில் கறுப்பின மக்களைக் கேவலப்படுத்தும் படங்கள் நிறைய. அதையும் வெட்டாமல் ஏற்றுங்கள், என்ன படம் என்று குறிப்பில் நேராக எழுதுங்கள். குறிப்பில் ஆண்டைப் பற்றி இரண்டு வரி வேண்டும்: ‘பாட்டு 1914. இந்த அச்சு 1925க்குப் பின், உகுலேலே கட்டம் இருக்கிறது.’