இந்திய வரலாற்றுப் பேரவைக்குப் போகிறவர்களுக்கு

வரலாற்று ஆய்வாளர்கள் கூடிக் கட்டுரை வாசிக்கும் இந்தப் பேரவையின் (Indian History Congress) ஆண்டு அமர்வு பெரும்பாலும் டிசம்பர் கடைசி வாரத்தில், ஆண்டுக்கொரு ஊரில் நடக்கும். கட்டுரை வாசிக்க உறுப்பினராக இருக்க வேண்டும்; பதிவுக் கட்டணம் தனி. இரண்டு ரசீதையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன், காலை 8 மணிக்குத் திறக்கும், அன்றே போட்டுவிடுங்கள். வடக்கே என்றால் மூடுபனியால் வண்டி மணிக்கணக்கில் தாமதமாகும், ஒருநாள் முன்பே போய்ச் சேருங்கள். விடுதியில் கம்பளி தருவார்கள் என்று நம்ப வேண்டாம்.

வாசிக்கப் பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. இரட்டை இடைவெளியில் 5 பக்கம் போதும். முன்னுரையிலேயே நேரத்தைக் கரைத்துவிட்டு, சான்றுக்கு வரும்போது தலைவர் மணியடிப்பதுதான் அடிக்கடி நடப்பது. முடிவை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டு, கல்வெட்டோ ஆவணமோ ஒன்றை மட்டும் விரித்துப் பேசுங்கள்.

கட்டுரை வாசித்ததற்கான சான்றிதழைக் கடைசி நாள் மதியத்துக்குள் வாங்கிவிடுங்கள். அதன்பின் மேசையில் ஆள் இருப்பது சந்தேகம்.