கொலுசு பட்டறை நோட்டுல இருந்து சைடு இன்கம்: சின்ன சாப்ட்வேர் பண்ணி விக்கிறது எப்படி?

நம்ம சேலத்துல வீட்டுல இருந்தே ஐடி வேலை பாக்கற பசங்க என்கிட்ட கேக்கறது பெரும்பாலும் ஒண்ணுதான், சம்பளத்துக்கு மேல கொஞ்சம் நிலையா காசு வரணும், என்ன ஆப் பண்ணலாம்னு. ஐடியாவை உக்காந்து யோசிக்காதீங்க. நான் அப்படித்தான் ரெண்டு வருசம் ஓட்டுனேன், ஒரு செலவு கணக்கு ஆப், அப்புறம் ஒரு டுடூ ஆப், ரெண்டையும் பிளே ஸ்டோர்ல போட்டேன், என் மச்சானும் காலேஜ் குரூப்பும் இறக்குனாங்க, அதோட சரி. இப்ப நான் பண்ண வெள்ளி கணக்கு ஆப்புக்கு 11 கொலுசு பட்டறைங்க வருசத்துக்கு ஆளுக்கு 3,600 ரூபா கட்டறாங்க. மொத்தம் 39,600, மாசத்துக்கு பிரிச்சா 3,300. பெரிய காசு இல்லதான், ஆனா வருசாவருசம் வருது.

படி 0: ஆபர் லெட்டரை எடுத்து படிங்க

வெளி வேலை பாக்கக்கூடாதுன்னோ, நீங்க எழுதற கோடு (புரோகிராம்) எல்லாம் கம்பெனிக்கு சொந்தம்னோ ஒரு வரி இருக்கும். 2022-ல மூன்லைட்டிங்னு (வேலையில இருந்துட்டே வெளி வேலையும் பாக்கறது) சொல்லி ஒரு பெரிய ஐடி கம்பெனி 300 பேரை வெளிய அனுப்புனது ஞாபகம் இருக்கும். எச்ஆர்கிட்ட மெயில்ல கேட்டு பதிலை வாங்கி வச்சுக்கங்க. ஆபீஸ் லேப்டாப்ல ஒரு வரி கூட அடிக்காதீங்க.

படி 1: நோட்டு எங்க இருக்குன்னு பாருங்க

எந்த தொழில்ல தினமும் நோட்டு போட்டு எழுதி, ராத்திரி கூட்டிப் பாத்து, கணக்கு உதைக்குதுன்னு தலைய சொறியறாங்களோ அதுதான் உங்க ஐடியா. செவ்வாய்ப்பேட்டை பக்கம் கொலுசு ஒரே இடத்துல முழுசா ஆகறது இல்ல, கம்பி இழுக்கறது ஒரு இடம், சலங்கை ஒரு வீடு, பத்தவைக்கறது இன்னொரு வீடு, மெருகு போடறது வேற இடம். வெள்ளி எடை போட்டு போகும், எடை போட்டு திரும்பும், நடுவுல சேதாரம் கழியும், டச் (நூத்துக்கு எவ்ளோ சுத்த வெள்ளிங்கறது) மாறும். பட்டறைக்காரருக்கு தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, "யார்கிட்ட எவ்ளோ வெள்ளி நிக்குது?" அதுக்கு அவர் நாலு நோட்டு புரட்டுவாரு.

நான் ஒரு சனிக்கிழமை முழுக்க ஒரு பட்டறையில சும்மா உக்காந்திருந்தேன், ரெண்டு தட்டுவடை செட்டு, மூணு டீ. கேள்வி கேட்டத விட பாத்ததுதான் அதிகம். உங்களுக்கு வெள்ளி பழக்கம் இல்லன்னா அம்மாப்பேட்டை தறிக்காரங்க, லீ பஜார் மண்டி, ஏற்காட்டுல காப்பி பறிக்கற ஆளுங்க கூலி கணக்கு எழுதற எஸ்டேட் ரைட்டர்னு நிறைய இருக்கு. எஸ்டேட்டுக்கு பண்றதா இருந்தா ஒண்ணு, கொண்டை ஊசி வளைவு எல்லாம் தாண்டி உள்ள போனா பல இடத்துல டவரே கிடையாது, நெட் இல்லாம ஓடலன்னா அது வேலைக்கு ஆகாது.

படி 2: கோடு எழுதாதீங்க, ஷீட் போடுங்க

கூகுள் ஷீட்ல கொடுத்தது, வந்தது, டச், நிக்கறதுன்னு நாலு காலம் போட்டு ரெண்டு வாரம் அவங்களுக்கு ஓட்டிக் காட்டுங்க. ரெண்டாவது வாரமும் தானா எழுதறாங்களா பாருங்க. இல்லன்னா வேற இடம் தேடுங்க, மனசு கஷ்டமாத்தான் இருக்கும்.

படி 3: வெலைய மொதல்லயே சொல்லுங்க

இதுலதான் நம்மாளுங்க எல்லாரும் சறுக்குவாங்க. "மொதல்ல யூஸ் பண்ணுங்கணா, காசு அப்புறம் பாத்துக்கலாம்"னு சொன்னா அந்த அப்புறம் வரவே வராது. நான் 3,600 சொன்னதும் பட்டறைக்காரர் கேட்டது, "ஏன் தம்பி, நோட்டு அறுபது ரூபாதானே?" நான் சொன்னேன், "நோட்டு அறுபதுதாங்ணா, நோட்டுல விட்டுப்போற வெள்ளி எவ்ளோன்னு நீங்களே சொல்லுங்க." சிரிச்சுட்டு பாதி பணம் அன்னைக்கே ஜிபே பண்ணாரு.

மாசாமாசம் வசூல் வேண்டாம், 11 பேர்கிட்ட மாசம் 300 கேட்டு அலையறது நமக்கே கேவலமா இருக்கும். வருச சந்தாதான் சரி. ஆடி மாசத்துல மட்டும் காசு கேட்டு போகாதீங்க, முகூர்த்தம் இல்லாம யாவாரம் படுத்திருக்கும், கோட்டை மாரியம்மன் பண்டிகைல பட்டறையில ஆளும் இருக்க மாட்டாங்க.

படி 4: இப்ப கோடு

உங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச மொழியிலயே எழுதுங்க, இதுக்குன்னு புதுசா ஃப்ரேம்ஒர்க் கத்துக்க உக்காந்தா ஆறு மாசம் போயிரும். பிஎச்பி மொழி, எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் போதும், நெஜமா. போன் பிரவுசர்ல தொறக்கற வெப் ஆப்பா இருந்தா இன்னும் நல்லது. பிளே ஸ்டோர்னா கணக்கு தொறக்க ஒரு தடவை 25 டாலர், 2023 நவம்பர் 13-க்கு அப்புறம் தொறந்த தனிநபர் கணக்குன்னா 12 பேரை வச்சு 14 நாள் தொடர்ந்து டெஸ்ட் பண்ணனும், சந்தா அதுக்குள்ள வாங்குனா 15 சதவீதம் அவங்களுக்கு.

ஒரு இடத்துல நான் அடி வாங்குனேன், அத மட்டும் விளக்கமா சொல்றேன். சுத்த வெள்ளி கணக்கு ஈசி, எடையை டச்சால பெருக்கி 100-ஆல வகுக்கணும். 37.5 கிராம், 65 டச்னா 24.375 கிராம். நான் திரையில அழகா இருக்கட்டும்னு 24-ன்னு ரவுண்டு பண்ணி அதையே டேட்டாபேஸ்லயும் போட்டுட்டேன். ஒரு என்ட்ரிக்கு 0.375 கிராம் போச்சு. அதே மாதிரி 40 என்ட்ரி ஆனதும் 15 கிராம் வெள்ளி காணோம், பத்தவைக்கற வீட்டுக்காரம்மா மேல சந்தேகம் வந்துருச்சு. அந்தம்மா பாவம். நான் நேர்ல போய் என் தப்புதான்னு சொல்லிட்டு வந்தேன். அதுக்கப்புறம் எடை எல்லாம் மில்லிகிராம்ல, பணம் எல்லாம் பைசாவுல, முழு எண்ணாதான் சேமிக்கறேன், காட்டும்போது மட்டும்தான் புள்ளி வைக்கறது. ஃப்ளோட்டு (புள்ளி வச்ச எண்ணை சேமிக்கற வகை) பக்கமே போகாதீங்க.

பேக்கப் தினம் ராத்திரி தானா வேற இடத்துக்கு போகணும். மாசம் ஒரு தடவை அத திருப்பி ஏத்தியும் பாருங்க, ஏத்திப் பாக்காத பேக்கப்பு கணக்குல வராது.

படி 5: காசு, வரி

பத்து பதினஞ்சு பேர் வரைக்கும் யூபிஐ போதும், ஆனா தனி பேங்க் அக்கவுண்ட் வைங்க. வருசத்துக்கு மொத்த வரவு 20 லட்சம் தாண்டாத வரைக்கும் சேவை தொழிலுக்கு பொதுவா ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்ல, நமக்கு அது ரொம்ப தூரம். வருமான வரி அப்படி இல்ல, இந்த காசு தொழில் வருமானம், வழக்கமா போடற ஐடிஆர் 1 (வருமான வரி படிவம்)-ல காட்ட முடியாது, ஐடிஆர் 3 இல்லன்னா 4. ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை உக்காந்துருங்க.

படி 6: நிலையா வரணும்னா

புது ஆளு புடிக்கறத விட இருக்கற ஆளு அடுத்த வருசமும் கட்டறதுதான் முக்கியம். போன் எடுக்கற நேரம் சாயங்காலம் ஏழுல இருந்து எட்டுன்னு சொல்லி வச்சிருக்கேன், அதுக்குள்ள கட்டாயம் எடுத்துருவேன். ஒருத்தருக்கு மட்டும் தனியா ஒரு வசதி கேட்டா செய்யறது இல்ல, மூணு பேர் கேட்டா செய்வேன். சந்தா முடியறதுக்கு 30 நாள் முன்னாடி வாட்ஸப்ல இப்படி அனுப்புவேன், காசு பேச்சு கடைசி வரியிலதான்:

"ணா, இந்த வருசம் உங்க பட்டறையில 2,140 என்ட்ரி போட்டிருக்கீங்க. இப்ப வெளிய நிக்கற வெள்ளி லிஸ்டு இதோட இருக்கு. சந்தா அடுத்த மாசம் 10-ந் தேதி முடியுதுங்ணா."

போன தடவை வந்த பதில்: "போட்டுட்டேன் தம்பி. அந்த லிஸ்டுல எழுத்து கொஞ்சம் பெருசா வர்ற மாதிரி பண்ணு, அப்பாவுக்கு கண்ணு தெரியல." இன்னும் ரெண்டு பட்டறைக்காரங்களும் இதையேதான் கேட்டிருக்காங்க, மூணு பேர் ஆச்சு, ஞாயித்துக்கிழமை உக்காரணும்.